கர்ப்பம் என்றதும் வேலை போனால்: சீனாவில் வழக்குப் போடப் போகிறவர்களுக்கு

ஷென்சென் நகரில் ஒரு மின்னணுப் பொருள் நிறுவனத்தில், தர ஆய்வுப் பிரிவில் 3 ஆண்டு 4 மாதம் வேலை பார்த்தேன். கர்ப்பமாக இருப்பதை எச்.ஆரிடம் சொன்ன பதினேழாம் நாள், மூன்று முறை தாமதமாக வந்தேன் என்று காரணம் எழுதி நீக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு பத்து மாதம் அலைந்தேன். எந்த அலுவலகத்துக்கு எந்தக் காகிதத்தோடு போவது என்று தெரியாததால் அதில் பாதி வீண் அலைச்சல். அந்தப் பாதியையாவது நீங்கள் மிச்சப்படுத்திக்கொள்ளலாம்.

இங்கே சொல்வது சீனப் பெருநிலத்துக்கு மட்டும். ஹாங்காங், மக்காவில் சட்டமே வேறு. முறையான வேலை அனுமதி உள்ள வெளிநாட்டவருக்கும் சீன ஊழியருக்கும் வழி பெரும்பாலும் ஒன்றுதான். வேறுபடும் இடங்களை 7-ஆம் படியில் சொல்கிறேன். வேலை அனுமதி இல்லாமல் பிசினஸ் விசாவில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த வழி உதவாது. அவர்களை நீதிமன்றம் அந்த நிறுவனத்தின் ஊழியராகவே ஏற்காது.

1. கையெழுத்துப் போடாதீர்கள், வேலைக்குப் போவதையும் நிறுத்தாதீர்கள்

முதலில் ஒரு அறைக்குக் கூப்பிடுவார்கள். தண்ணீர் பாட்டில் வைப்பார்கள். "இருவரும் சம்மதித்துப் பிரிகிறோம்" என்று ஒரு ஒப்பந்தம் மேசையில் இருக்கும். தொகையும் அதில் எழுதியிருக்கும். இன்றே கையெழுத்திட்டால்தான் இந்தத் தொகை என்பார்கள்.

அதில் கையெழுத்துப் போட்டால் வழக்கில் பாதி அங்கேயே முடிந்துவிடும். நீக்கம் என்பது போய், நீங்களே ஒப்புக்கொண்டு விலகியதாகிவிடும். "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். தாளைப் படம் எடுக்க விட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பொறி இதைவிட மோசம். வாயால் "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்பார்கள். நம்பி வீட்டில் இருந்துவிட்டால், சில நாள் கழித்துச் சொல்லாமல் விடுப்பு எடுத்ததாக நோட்டீஸ் வரும். எழுத்தில் நீக்க உத்தரவு கைக்கு வரும்வரை தினமும் போய் வருகையைப் பதியுங்கள். அட்டை வேலை செய்யவில்லையா, வாசலில் தேதி தெரிய வீடியோ எடுத்து, "வேலைக்கு வந்தேன், உள்ளே விடவில்லை" என்று மேலாளருக்கு வீசாட் அரட்டைச் செயலியில் செய்தி அனுப்புங்கள். அன்றே சைனா போஸ்டின் இ.எம்.எஸ் தபாலில் ஒரு கடிதமும் போடுங்கள். உள்ளே என்ன கடிதம் இருக்கிறது என்பதை உறையின் மேல் ஒட்டும் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். வெறும் "ஆவணம்" என்று எழுதினால், காலி உறைதான் வந்தது என்பார்கள்.

2. எந்தக் கதவைத் தட்டுவது?

என்னுடைய பெரிய தப்பு இங்கேதான்.

கதவுகள் இரண்டு. வேலையில் இருந்தவரை நீக்கினாலோ, சம்பளத்தைக் குறைத்தாலோ, பதவியை மாற்றினாலோ அது தொழிலாளர் தகராறு. முதலில் தொழிலாளர் தகராறு நடுவர் ஆணையத்துக்குப் போக வேண்டும். சீனத்தில் "ஜோங்சாய்" என்றால் எல்லாருக்கும் புரியும். அங்கே போகாமல் நேரே நீதிமன்றம் போக முடியாது.

வேலைக்கே எடுக்காமல் பாகுபாடு காட்டினால் அது இரண்டாம் கதவு. விளம்பரத்தில் "ஆண்கள் மட்டும்" என்று போடுவது, நேர்முகத்தில் குழந்தைத் திட்டம் கேட்டு ஒதுக்குவது, ஊரைப் பார்த்து நிராகரிப்பது எல்லாம் இதில் வரும். 2019 ஜனவரி 1 முதல் "சம வேலைவாய்ப்பு உரிமைத் தகராறு" என்று தனி வழக்கு வகையே இருக்கிறது. சீனத்தில் "பிங்தெங் ஜியூயே ச்சுவான் ஜியூஃபன்". நடுவர் ஆணையம் தேவையில்லை, நேரே நீதிமன்றம்தான். வேலைவாய்ப்பு ஊக்குவிப்புச் சட்டத்தின் 62-ஆம் பிரிவு இந்த உரிமையைத் தருகிறது.

நான் இரண்டாவதைப் பற்றிப் படித்துவிட்டு, எனக்கு நடந்ததும் பாகுபாடுதானே என்று நேரே நீதிமன்ற மனு ஜன்னலுக்குப் போனேன். நீக்கத்தை எதிர்ப்பதென்றால் முதலில் ஜோங்சாய் போய் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் வீண்.

பிறகு ஒரு வழக்கறிஞர் அம்மா கிடைத்தார். நான் எடுத்துப்போன நாற்பது பக்கத்தைப் புரட்டிவிட்டு அவர் சொன்னது: "அவர்கள் மனதில் பாகுபாடு இருந்தது என்று நீங்கள் ஏன் நிரூபிக்கப் பார்க்கிறீர்கள்? நீங்கள் தாமதமாக வந்தீர்கள் என்று அவர்கள் நிரூபிக்கட்டும்."

சூட்சுமம் அதுதான். நீக்கத்துக்கான காரணம் சரியானது என்று காட்டும் பொறுப்பு நிறுவனத்தின் தலையில். பாகுபாடு வழக்கில் அந்தப் பொறுப்பு உங்கள் தலையில். ஆகவே வேலையில் இருந்து நீக்கப்பட்டவர் "பாகுபாடு" என்ற சொல்லை முன்னால் வைக்காமல், "சட்டவிரோத நீக்கம்" என்று போவதுதான் பலம். எனக்கு இது கொஞ்சம் கசந்தது. நடந்ததை நடந்த பெயரில் சொல்லாமல் வேறு பெயரில் சொல்கிற மாதிரி இருந்தது. ஆனால் வேலை ஆகிறது.

வேலைவாய்ப்பு ஊக்குவிப்புச் சட்டம் பெயர் சொல்லித் தடுப்பவை: தேசிய இனம், இனம், பால், மதம். மாற்றுத்திறன், தொற்றுநோய்க் கிருமி உடலில் இருப்பது, கிராமத்திலிருந்து வந்தவர் என்பது ஆகியவற்றுக்கும் தனிப் பிரிவுகள் உண்டு. "35 வயதுக்கு மேல் வேண்டாம்" என்பதை எங்கும் பார்ப்பீர்கள். வயது அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இல்லை. அதை மட்டும் நம்பி வழக்கில் இறங்க நான் சொல்ல மாட்டேன்.

3. நாட்காட்டியில் குறித்துவையுங்கள்

நடுவர் ஆணையத்துக்கு: உரிமை மீறப்பட்டது தெரிந்த நாளிலிருந்து 1 ஆண்டு.

சம வேலைவாய்ப்பு வழக்குக்கு: பொதுவாக 3 ஆண்டு.

தொழிலாளர் ஆய்வுத் துறைக்குப் புகார்: 2 ஆண்டு.

நடுவர் தீர்ப்பு கையில் வந்த பிறகு நீதிமன்றம் போக: 15 நாள். இதைத் தவறவிட்டால் தீர்ப்பு அப்படியே நிலைத்துவிடும். விடுமுறையை எல்லாம் சேர்த்தே எண்ணுவார்கள். கடைசி நாள் விடுமுறையில் விழுந்தால் மட்டும் அடுத்த வேலை நாளுக்குத் தள்ளும்.

4. ஆதாரம்: வேலையில் இருக்கும்போதே சேர்க்க வேண்டியது

நீக்கிய அன்று மாலை ஐந்தரைக்கு டிங்டாக் என்ற அலுவலகச் செயலியில் என் கணக்கு மூடப்பட்டது. வருகைப் பதிவு, விடுப்பு விண்ணப்பம், மேலாளர் போட்ட ஒப்புதல் எல்லாம் அதற்குள். நல்லவேளை, முந்தைய வாரமே ஒரு தோழி "அக்கா, எல்லாத்தையும் திரைப்பதிவு பண்ணி வச்சுக்கோங்க" என்று சொல்லியிருந்தாள். கர்ப்பத்தை அலுவலகத்தில் சொல்வதற்கு முந்தைய நாளே இதைச் செய்துவிடுங்கள். உங்கள் வருகை, விடுப்பு, சம்பளம், மதிப்பீடு ஆகியவை மட்டும் போதும். வாடிக்கையாளர் பட்டியல், வரைபடங்கள் பக்கம் கை வைக்காதீர்கள். ரகசியத்தைத் திருடியதாக அதையே புதுக் காரணமாக்குவார்கள்.

தேவையானவை:

வேலை ஒப்பந்தத்தின் மூலப்பிரதி. உங்கள் பிரதியைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். பலரிடம் இருப்பதில்லை.

வங்கியின் சிவப்பு முத்திரை உள்ள சம்பளக் கணக்கு விவரம், குறைந்தது 12 மாதத்துக்கு. "கோங்ஸி லியூஷுவேய்" என்று கேளுங்கள். இழப்பீடு கடைசி 12 மாதச் சராசரியில்தான் கணக்காகும்.

சமூகக் காப்பீடு கட்டிய பதிவு. வேலை செய்த காலத்தை மறுக்க முடியாது.

நீக்க உத்தரவு. முத்திரையோடு இருந்தால் நல்லது.

மருத்துவமனைச் சான்று, பதிவுச் சீட்டுகள், கட்டண ரசீதுகள்.

கடைசியில் சொன்னதுதான் என்னைக் காப்பாற்றியது. நான் தாமதமாக வந்ததாகச் சொன்ன மூன்று காலையும் மகப்பேறு செக்கப்புக்குப் போன காலைகள். வேலை நேரத்தில் போகும் செக்கப் வேலை நேரமாகவே கணக்கு என்று பெண் ஊழியர் பாதுகாப்பு விதிகள், 2012 சொல்கின்றன. மூன்று சீட்டிலும் நேரம் அச்சாகியிருந்தது. அவற்றைப் பையின் அடியில் கசங்க விட்டிருந்தேன். நீங்கள் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

கர்ப்பம் நிறுவனத்துக்குத் தெரியும் என்பதற்கும் சான்று வேண்டும். வாயால் சொன்னது போதாது. எச்.ஆருக்கு வீசாட்டிலோ மின்னஞ்சலிலோ சான்றின் படத்தோடு அனுப்புங்கள். "சரி, வாழ்த்துகள்" என்று அவர் பதில் போட்டால் அதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

வீசாட் உரையாடலை நீதிமன்றம் ஏற்கும், ஆனால் அது முதலில் இருந்த போன் வேண்டும். ஸ்கிரீன்ஷாட் மட்டும் வைத்துக்கொண்டு போனை மாற்றிவிட்டால், எதிர்த்தரப்பு "போலி" என்று ஒரு சொல் சொன்னால் போதும். பழைய போனை விற்காதீர்கள், உரையாடலில் நடுவே எதையும் அழிக்காதீர்கள். எதிராளியின் அறிமுகப் பக்கத்தையும் வீசாட் எண் தெரியும்படி சேர்த்துப் பதியுங்கள். அனுப்பிய கோப்புகளைத் திறந்து சேமித்துவிடுங்கள். சில நாளில் அவை காலாவதியாகிவிடும்.

நீங்களும் பங்குபெறும் பேச்சைச் சொல்லாமல் பதிவு செய்தாலும் பொதுவாக ஏற்பார்கள். பிறர் அறையில் கருவியை ஒளித்து வைத்தால் ஏற்க மாட்டார்கள். பதிவோடு எழுத்துப் பிரதியும் தர வேண்டும்.

வேலை விளம்பரம் போன்றவை ஒரே இரவில் மாறிவிடும். அவற்றுக்கு நோட்டரி அலுவலகம், அதாவது "கோங்ஜெங்சூ" போய், அவர்கள் கணினியிலேயே பக்கத்தைத் திறந்து சான்று வாங்குங்கள். காசு ஆகும், ஆனால் வென்றால் அதையும் கேட்கலாம். 2019-இல் ஹாங்சோ இணைய நீதிமன்றத்தில் ஒரு வழக்கு நடந்தது. வேலைக்கு விண்ணப்பித்த பெண்ணை நிராகரித்த காரணம் என்று நிறுவனம் எழுதியது ஒரே சொல்: ஹெனான்காரர், அதாவது ஹெனான் மாகாணத்தவர். விண்ணப்பத் தளத்தில் வந்த அந்தப் பதிலை அவர் நோட்டரி மூலம் பதிந்துவைத்தார். மன உளைச்சலுக்கு 9,000 யுவான், நோட்டரிச் செலவு உள்ளிட்டதற்கு 1,000 யுவான், அதோடு நாளிதழில் மன்னிப்பு என்று தீர்ப்பானது. உச்ச நீதிமன்றம் 2022-இல் இதை 185-ஆம் வழிகாட்டு வழக்காக வெளியிட்டது. உங்கள் மனுவில் இந்த எண்ணைக் குறிப்பிடுங்கள். வழிகாட்டு வழக்கு என்றால் கீழ் நீதிமன்றங்கள் அதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

5. நடுவர் ஆணையத்தில்

எங்கே மனுப் போடுவது? வேலை செய்த இடத்திலோ, நிறுவனம் உள்ள இடத்திலோ. வேலை செய்த இடத்தையே தேர்ந்தெடுங்கள். இருவரும் இரண்டு இடத்தில் போட்டால் வேலை செய்த இடத்துக்குத்தான் முன்னுரிமை.

கொண்டுபோக வேண்டியவை: மனு (உங்களுக்கு ஒன்று, எதிராளி ஒவ்வொருவருக்கும் ஒன்று, ஆணையத்துக்கு ஒன்று), பாஸ்போர்ட் அல்லது அடையாள அட்டை நகல், நிறுவனத்தின் பதிவு விவரம், பக்க எண் போட்ட ஆதாரப் பட்டியல். பதிவு விவரத்தை அரசின் நிறுவனத் தகவல் தளத்திலிருந்து இலவசமாக அச்செடுக்கலாம். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் திருப்பி அனுப்புவார்கள். ஒப்பந்தம் ஒரு நிறுவனத்தோடும் சம்பளம் இன்னொரு நிறுவனத்திலிருந்தும் வந்திருந்தால் இரண்டையும் எதிராளியாகச் சேருங்கள்.

என்ன கேட்பது என்பதை மனு எழுதும் முன்பே முடிவு செய்யுங்கள். மீண்டும் வேலையா, இழப்பீடா, ஒன்றுதான். கர்ப்பம், பேறு, குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரையான காலத்தில் ஒப்பந்தம் முடிந்தாலும் அது தானாக நீளும். ஆகவே சீனத் தோழிகள் பலர் மீண்டும் வேலையைக் கேட்கிறார்கள். குவாங்டோங் மாகாணத்தில் பேறுகால விடுப்பு மொத்தம் 178 நாள் என்பதை நினைத்தால் அதுவே லாபம். நான் இழப்பீட்டைத் தேர்ந்தெடுத்தேன், காரணம் 7-இல்.

கணக்கு இப்படி: ஓர் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம், ஆறு மாதத்துக்குக் குறைந்த மிச்சத்துக்கு அரை மாதம். என் 3 ஆண்டு 4 மாதத்துக்கு மூன்றரை மாதம். சட்டவிரோத நீக்கம் என்றால் இருமடங்கு, ஆக ஏழு மாதம். நகரின் சராசரிச் சம்பளத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல் வாங்குகிறவர்களுக்கு அந்த மூன்று மடங்கே உச்சவரம்பு, 12 ஆண்டுக்கு மேல் எண்ணவும் மாட்டார்கள்.

மனு போட்ட 5 நாளில் ஏற்பார்கள் அல்லது மறுப்பார்கள். மறுத்தால் எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தாளோடு நீதிமன்றம் போகலாம். ஏற்றபின் 45 நாளில் தீர்ப்பு, சிக்கலானால் இன்னும் 15 நாள். அதற்குள் வராவிட்டாலும் நீதிமன்றம் போகலாம்.

விசாரணைக்கு முன் சமரசம் பேசுவார்கள். அதைத் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் வேண்டாம். ஆனால் நம் மேல்தான் அழுத்தம் விழும். "வயிற்றில் குழந்தை, எதற்கு இந்த டென்ஷன், பாதி வாங்கிக்கொண்டு போம்மா" என்கிற தொனி. சமரச ஆவணத்துக்குத் தீர்ப்பின் பலம் உண்டு, பிறகு பின்வாங்க முடியாது. "இருவருக்கும் இடையே வேறு தகராறு எதுவும் இல்லை" என்ற வரி அதில் கட்டாயம் இருக்கும். மிச்ச விடுப்புப் பணம், ஓவர்டைம், போனஸ் எல்லாம் அந்த வரியோடு போய்விடும். எல்லாவற்றையும் எண்ணிச் சேர்த்த பிறகே கையெழுத்து.

என் தீர்ப்பு ஏழு மாதச் சம்பளம் என்று வந்தது. பதினான்காம் நாள் நிறுவனம் நீதிமன்றம் போனது. பதறாதீர்கள், பலர் காலம் கடத்த இதைச் செய்கிறார்கள். நீதிமன்றம் முழு வழக்கையும் புதிதாகவே கேட்கும், ஆகவே மூலங்களை எல்லாம் பத்திரமாக வைத்திருங்கள்.

6. வேலைக்கே எடுக்காதவர்களுக்கு: நேரே நீதிமன்றம்

வீசாட்டில் உள்ள மக்கள் நீதிமன்ற இணையச் சேவையிலேயே மனுவை ஏற்றலாம். 7 நாளில் பதிவு செய்ய வேண்டும். சுருக்க நடைமுறை என்றால் 3 மாதம், சாதாரண நடைமுறை என்றால் 6 மாதம். மேல்முறையீட்டுக்கு 15 நாள்.

மன்னிப்பு, மன உளைச்சலுக்கு இழப்பீடு, ஆன செலவு ஆகிய மூன்றையும் கேளுங்கள். தொகையில் பெரிய ஆசை வேண்டாம். ஹாங்சோவில் 2014-இல் "ஆண்கள் மட்டும்" என்ற சமையல் பள்ளி வேலைக்காக வழக்குப் போட்ட பெண் வென்றார், கிடைத்தது 2,000 யுவான். அதற்குப் பிறகும் பல தீர்ப்புகள் அந்த அளவிலேயே நின்றன. பணத்துக்காக இந்தக் கதவைத் தட்டுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள்.

2023 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள பெண்கள் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 43-ஆம் பிரிவை மனுவில் சேருங்கள். திருமணம், குழந்தை பற்றி விசாரிப்பது, சேர்க்கைக்கு முன் கர்ப்பப் பரிசோதனை எடுக்கச் சொல்வது எல்லாம் அங்கே தனித்தனியாகத் தடை செய்யப்பட்டிருக்கின்றன. அதேபோல் சேர்க்கைப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி பார்ப்பதை 2010-இலேயே தடுத்துவிட்டார்கள். பரிசோதனைச் சீட்டில் அது இருந்தால் அந்தச் சீட்டே ஆதாரம்.

7. வெளிநாட்டவர் கவனிக்க வேண்டியது

வேலை போனால் விசா ஆட்டம் காண்கிறது. பாஸ்போர்ட்டில் குடியிருப்பு அனுமதித் தேதி மிச்சம் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். வேலை அனுமதியை நிறுவனம் ரத்து செய்தால் அதன் அடிப்படையே போய்விடும். நீக்க உத்தரவு வந்த வாரமே குடிவரவு அலுவலகத்துக்குப் போய், தங்கும் அனுமதிக்கு மாற வழி கேளுங்கள். புது வேலைக்கு மாற "லீஷி ஜெங்மிங்" எனப்படும் பணி விலகல் சான்று வேண்டும். அதைப் பிடித்து வைத்துக்கொண்டு பேரம் பேசுவது வழக்கமான தந்திரம். நடுவர் மனுவிலேயே அந்தச் சான்றையும் ஒரு கோரிக்கையாகச் சேருங்கள்.

நான் மீண்டும் வேலையைக் கேட்காததற்கு இதுதான் காரணம். அனுமதி ரத்தான பிறகு மீண்டும் வேலை என்ற தீர்ப்பு வந்தாலும் அதை நடைமுறைப்படுத்துவது பெரும் பாடு.

ஊர் திரும்ப வேண்டியிருந்தால், கிளம்பும் முன்பே சீன நோட்டரி முன்னால் வக்காலத்தில் கையெழுத்திடுங்கள். ஊருக்கு வந்தபின் கையெழுத்திட்டால் அங்கே சான்று, தூதரகச் சான்று என்று வாரக்கணக்கில் இழுக்கும். வக்காலத்து இரண்டு வகை: பொது அதிகாரம், சிறப்பு அதிகாரம். சிறப்பு என்றால் உங்களைக் கேட்காமலே வழக்கறிஞர் சமரசம் செய்யலாம், கோரிக்கையை விட்டுக்கொடுக்கலாம். யோசித்துக் குறியிடுங்கள்.

விசாரணை சீனத்தில்தான் நடக்கும். தமிழ், ஆங்கில ஆவணம் எதுவானாலும் சீன மொழிபெயர்ப்பு வேண்டும். ஷாங்காயில் இருப்பவர்கள் ஒப்பந்தத்தின் நீக்கப் பிரிவை இன்றே எடுத்துப் படியுங்கள். வெளிநாட்டவர் விஷயத்தில் ஒப்பந்தத்தில் எழுதியதற்கு அங்கே அதிக மதிப்புக் கொடுக்கிறார்கள்.

8. செலவு

நடுவர் ஆணையத்தில் கட்டணமே இல்லை. தொழிலாளர் வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் 10 யுவான், ஒரு கிண்ணம் நூடுல்ஸை விடக் குறைவு. சம வேலைவாய்ப்பு வழக்குக்கு 100 முதல் 500 யுவான், 50,000 யுவானுக்கு மேல் கேட்டால் மேலே உள்ள தொகைக்குச் சதவீதக் கணக்கில் கட்டணம் கூடும். உண்மையான செலவு மொழிபெயர்ப்பு, நோட்டரி, வழக்கறிஞர். ஷென்செனில் ஒரு வசதி: தொழிலாளர் வழக்கில் வென்றால் 5,000 யுவான் வரை வழக்கறிஞர் கட்டணத்தை நிறுவனத்திடம் கேட்கலாம். வென்ற அளவுக்குத் தகுந்தபடிதான் கிடைக்கும், ஆனால் மனுவில் கேட்டால்தான் கிடைக்கும்.

9. வழக்குக்கு வெளியே

12333 தொழிலாளர் துறை, 12348 சட்ட உதவி, 12338 மகளிர் கூட்டமைப்பு, 12345 நகர நிர்வாகம். வேலை விளம்பரத்தில் பாகுபாடு என்றால் தொழிலாளர் ஆய்வுத் துறைக்குப் புகார் கொடுப்பதே வேகமான வழி. திருத்த மறுக்கும் நிறுவனத்துக்கு 10,000 முதல் 50,000 யுவான் வரை அபராதம். அந்தப் பணம் உங்களுக்கு வராது, ஆனால் புகாருக்கு வந்த எழுத்துப் பதில் வழக்கில் உதவும்.

தன்னார்வ அமைப்புகளைத் தேடி அலையாதீர்கள். பழைய கட்டுரைகளில் யீரென்பிங், பெய்ஜிங்கின் ஜோங்ஸே மகளிர் சட்ட மையம் போன்ற பெயர்களைப் பார்ப்பீர்கள். முதலாவதன் அலுவலகத்தில் 2015-இல் சோதனை நடந்தது, இரண்டாவது 2016-இல் மூடப்பட்டது. இன்று உள்ளூரில் தொழிலாளர் வழக்கு நடத்தும் வழக்கறிஞரே நடைமுறை வழி. கோபத்தில் நிறுவனத்தின் பெயரையும் எச்.ஆரின் படத்தையும் இணையத்தில் போட்டால், நற்பெயர் கெட்டது என்று அவர்கள் உங்கள் மேல் வழக்குப் போடுவார்கள்.

10. பணம் வாங்குவது

சமரசமோ தீர்ப்போ, அதில் நான்கு விஷயம் எழுத்தில் இருக்கட்டும்: தொகை, கட்டும் தேதி, பணி விலகல் சான்று தரும் தேதி, தவறினால் என்ன. வரி பிடிப்போம் என்றால் கேள்வி கேளுங்கள். நகரின் முந்தைய ஆண்டுச் சராசரி ஆண்டுச் சம்பளத்தைப்போல் மூன்று மடங்கு வரை நீக்க இழப்பீட்டுக்கு வருமான வரி இல்லை.

கட்டாவிட்டால் 2 ஆண்டுக்குள் நீதிமன்றத்தில் நிறைவேற்ற மனுப் போடலாம், முன்பணம் கட்ட வேண்டாம். தீர்ப்பின் மூலப்பிரதியும், அது அமலுக்கு வந்துவிட்டது என்ற சான்றும் வேண்டும். நாங்கள் நீதிமன்றத்தில் ஆறு மாதச் சம்பளத்துக்குச் சமரசமானோம். பணம் கெடு நாளன்று இரவு பதினொன்றரைக்கு வந்தது. பணி விலகல் சான்று வரவில்லை. நீதிபதியின் எழுத்தரைக் கூப்பிட்டேன், அவர் எண் அழைப்பாணையிலேயே இருக்கும். இரண்டாம் முறை கூப்பிட்ட மறுநாள் கூரியரில் வந்தது, பிரித்துப் பார்த்தால் என் பாஸ்போர்ட் எண்ணில் ஓர் இலக்கம் தப்பு. அந்த நிமிடமே சரிபார்த்துத் திருப்பி அனுப்புங்கள். தப்பான எண்ணோடு புது வேலை அனுமதி கிடைக்காது.